படகு ஏசிக்கு போர்ட்டபிள் ஜெனரேட்டரா? படுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்!

[காட்சி: ஊட்டி ஏரிக்கரை, காலைப் பனி. மேசை மேல் ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்.]

வணக்கம் நண்பர்களே! காலை 7 மணி, ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு ஊட்டி ஏரிக்கரையில் நிற்கிறேன். இன்றைக்குப் பேசப் போவது ஏசியைப் பற்றி! ஒரே ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர் தாங்காமல் அறைக்குள் கரி அடுப்பை மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று நம் மலையில் செய்தி வருகிறதே, அவர்களைக் கொன்ற அதே கார்பன் மோனாக்சைடு வாயுதான் படகில் ஜெனரேட்டர் வைத்து ஏசி போட்டுத் தூங்குகிறவர்களையும் கொல்கிறது.

போன வாரம் கோத்தகிரியிலிருந்து ஒரு அண்ணன் என் கடைக்கு வந்தார். கல்யாணம், கோயில் திருவிழாவுக்கெல்லாம் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற கடை. அவருடைய மச்சான் ஆலப்புழையில் சின்னதாக ஒரு படகு வாங்கியிருக்கிறார். "தம்பி, பழைய ஜெனரேட்டர் ஒண்ணு விலைக்குக் கொடு. படகுக்குப் பின்னாடி வெச்சு ஒரு டன் ஏசி ஓட்டிக்கிறோம். புழுக்கத்துல பிள்ளைங்க தூங்கவே மாட்டேங்குதுங்க" என்றார். ஓடுமா என்று கேட்டால், ஓடும். ஆனாலும் நான் கொடுக்கவில்லை.

கரண்ட் கணக்கை வேகமாக முடித்துவிடலாம். ஒரு டன் ஏசி ஓடும்போது சுமார் 1 முதல் 1.2 கிலோவாட் இழுக்கும். பழைய மாடல் ஏசி என்றால் கம்ப்ரசர் கிளம்பும் அந்த நொடியில் அதைப் போலப் பல மடங்கு இழுக்கும், 2 கேவிஏ ஜெனரேட்டர் அங்கேயே திணறி நின்றுவிடும். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாக வேகம் பிடிக்கும், அதனால் தாங்கும். பெட்ரோல் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர். அவ்வளவுதான்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

[காட்சி: நெருக்கத்தில், விரல் நுனியில் ஒரு பித்தளை ஜெட். பக்கத்தில் கரி படிந்த ஸ்பார்க் பிளக்.]

இந்தப் பொடிப் பித்தளைத் துண்டைப் பாருங்கள். நடுவில் ஒரு துளை இருக்கிறது, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெயின் ஜெட் இது. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதை இந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. கம்பெனி இதைக் கடல் மட்டத்துக் காற்றுக்குத் தகுந்தபடி போட்டு அனுப்புகிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேக மறுக்கிறதே, அதே காரணம்தான்! காற்று குறைவு, பெட்ரோல் மட்டும் பழைய அளவு. பாதி எரிந்தும் எரியாமலும் கறுப்புப் புகை வரும், பிளக்கில் இப்படி மை போலக் கரி பிடிக்கும். அதனால்தான் என்னைப் போன்ற மலை மெக்கானிக்குகள் இதைக் கழற்றிவிட்டுத் துளை சிறிய ஜெட் போடுகிறோம். ஜெட் மாற்றினாலும் இழந்த சக்தி திரும்பாது. 300 மீட்டர் ஏறினால் சுமார் 3.5 சதவீதம் போகும். ஊட்டிக்கு வந்து சேர்வதற்குள் கால் பங்கு காலி.

சரி, அப்படியே தலைகீழாக யோசியுங்கள். சின்ன ஜெட் போட்ட ஊட்டி ஜெனரேட்டரை ஆலப்புழைக்கு இறக்கினால்? அங்கே காற்று தாராளம், பெட்ரோல் போதாது. எஞ்சின் கொதித்துக் கெட்டுப்போகும். "இங்கேயே ஏசியை மாட்டி ஓட்டிப் பார்த்துட்டுக் கொண்டுபோறேனே" என்றும் அந்த அண்ணன் கேட்டார். அதிலும் பயன் இல்லை. இங்கே எஞ்சினுக்குச் சக்தி குறைவு, குளிரில் ஏசிக்கும் வேலை குறைவு. அங்கே இரண்டுமே மாறிவிடும். ஊட்டியில் பார்க்கும் சோதனை ஆலப்புழைக்குச் செல்லாது.

பாதி எரிந்த பெட்ரோல் என்று சொன்னேன் இல்லையா? விஷயமே அதில்தான் இருக்கிறது. ஜெட் சரியாக இருந்தாலும் இந்த மாதிரி ஜெனரேட்டரில் பெட்ரோல் முழுதாக எரிவதில்லை. கரியோ பெட்ரோலோ, முழுதாக எரியாதபோது நிறைய கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் இல்லை, வாசனை இல்லை. நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். எடையிலும் ஏறத்தாழ காற்றைப் போலத்தான், மேலே போய் ஒதுங்காது, கீழேயும் தங்காது, அறை முழுக்கக் கலந்துவிடும்.

"ஜெனரேட்டர் வெளியேதானே இருக்கு?" என்பீர்கள். குன்னூர் மலைப்பாதையில் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து ஏறியிருக்கிறீர்களா? பஸ் முன்னால் போக, பின்னால் விட்ட புகை சுழன்று ஜன்னல் வழியாக உங்கள் மடிக்கே வரும். ஓடுகிற படகிலும் அப்படியேதான், பின்பக்கம் விட்ட புகை கேபினுக்குள் திரும்பி வரும். நின்ற படகில் காற்று திரும்பினால் போதும். கேபினோ ஏசிக்காக இறுக்கி மூடியது. ஒரு இடுக்கு வழியாக உள்ளே வந்தது வெளியே போகாது. ஏசி உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும். குளிருக்காக மூடிய ஊட்டி அறையும் குளுகுளு காற்றுக்காக மூடிய படகுக் கேபினும் இந்த வாயுவுக்கு ஒன்றுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இன்னொரு கொடுமை கேளுங்கள். முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். மலைக்கு வந்தவர் என்ன நினைப்பார்? கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கொள்ளவில்லை, ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டுப் படுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பார். படகில் இருப்பவர்? தண்ணீர் ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் தூங்கலாம் என்பார். இரண்டு பேரும் அதே மூடிய அறைக்குள் போய்ப் படுக்கிறார்கள். தூக்கத்தில் இருப்பவரை இந்த வாயு எழுப்பாது. தயவுசெய்து இதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லுங்கள்: மூடிய இடத்தில் ஒருவருக்கு மேல் ஒரே நேரத்தில் தலை வலித்தால், காரணம் தேடாமல் முதலில் எல்லாரும் வெளியே வாருங்கள்.

புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது, கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி. படுக்கிற இடத்தில் ஒன்று கட்டாயம் மாட்டுங்கள். ஹோம்ஸ்டே வைத்திருக்கும் நம் ஊர் நண்பர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடிவயிற்றில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். அதனால் நடுராத்திரியில் சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றும் வேலை வேண்டவே வேண்டாம். அப்புறம் மின்கசிவு: நல்ல தண்ணீரைவிட மனித உடம்பில் மின்சாரம் எளிதாகப் பாயும், படகில் கசிவு இருந்தால் பக்கத்தில் நீந்துகிறவருக்கு ஆபத்து.

அப்படியானால் என்னதான் செய்வது? பெரிய ஹவுஸ்போட்டுகளில் டீசல் ஜெனரேட்டர் வைத்திருக்கிறார்கள், அப்படியும் பல படகுகளில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரைதான் ஏசி. சின்னப் படகுக்கு என் யோசனை வேறு. கரையில் கட்டியிருக்கும்போது கரையிலிருந்தே கரண்ட் எடுங்கள், ராத்திரிக்கு லித்தியம் பேட்டரி வையுங்கள். 48 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் ஏறத்தாழ 5 யூனிட் நிற்கும். சின்னக் கேபினில் இன்வெர்ட்டர் ஏசி சராசரியாக 600 வாட் எடுத்தால் 8 மணி நேரம் வரும். விலை அதிகம், மறைக்கவில்லை. ஆனால் வைக்கத்தில் 2017 முதல் 75 பேர் ஏறும் ஆதித்யா என்ற படகே சூரிய ஒளியிலும் பேட்டரியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு ஏசி ஓடாதா?

[காட்சி: கடையில், ஜெனரேட்டரைத் துணி போட்டு மூடுகிறார்.]

கோத்தகிரி அண்ணனிடம் அந்தப் பிளக்கைக் காட்டித்தான் பேசினேன். கையில் வாங்கிக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் கறுத்தது. "இந்தக் கரி படகுல தெரியுமா தம்பி?" என்று கேட்டார். "கொல்றது கண்ணுக்கே தெரியாதுண்ணா" என்றேன். அங்கிருந்தே மச்சானுக்குப் போன் போட்டார். இப்போது பேட்டரிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். மாட்டியதும் ஒரு ராத்திரிக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் அடுத்த வீடியோவில் போடுகிறேன். உங்களில் யாராவது படகில் பேட்டரி ஏசி ஓட்டியிருந்தால், உங்கள் கணக்கையும் கீழே எழுதுங்கள்.