ராணுவம் எழுதிவைத்துவிட்டுப் போகும் சட்டம்

(சென்னை மண்ணடியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம். மண்ணடியில் நின்றுகொண்டு ராணுவ ஆட்சியைப் பற்றிப் பேசத் தூர தேசத்துக்குப் போக வேண்டியதில்லை. கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி வரிசையாக நிற்கும் பர்மா பஜார் கடைகள் எப்படி வந்தன? 1962 மார்ச்சில் ரங்கூனில் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அப்புறம் கடைகள் அரசுடைமையாயின. 1964இல் அந்த நாட்டுப் பணமான கியாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாமல் போயின. சேர்த்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறிய நம்மவர்கள் இங்கே வந்து நடைபாதையில் கடை விரித்தார்கள். அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும் அவர்களோடு வந்ததுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தேர்தல் நடந்தது, வென்றவர் பதவியேற்றார், மக்களாட்சி வந்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதும். நான் கேட்பது இதுதான்: ராணுவம் தோற்றுப் போனதா, பேரம் பேசிப் போனதா?

அர்ஜென்டினாவில் தோற்றுப் போனது. 1982இல் பிரிட்டனுடன் நடந்த ஃபாக்லாந்து போரில் மண்ணைக் கவ்விய தளபதிகளால் பேரம் பேச முடியவில்லை. 1983இல் தேர்தலில் வென்ற அல்ஃபோன்சின் அதிபரானார்; 1985இல் ராணுவ ஆட்சித் தலைவராக இருந்த விதேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பின்னால் படைக்குள் கலகம், சலுகைச் சட்டங்கள், பொது மன்னிப்பு என்று பின்வாங்கலும் உண்டு. ஆனாலும் தளபதிகளைக் கூண்டில் ஏற்றியது ஏற்றியதுதான்.

சிலியில் பேரம் பேசிப் போனது. 1988 அக்டோபர் 5 அன்று ராணுவ ஆட்சியாளர் பினோசே அதிபராகத் தொடரலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். சுமார் 56 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். அன்றிரவு அரசு தரப்பு முடிவை இழுத்தடித்துக்கொண்டிருந்தது. அதிபர் மாளிகைக்குள் நுழையும்போதே விமானப்படைத் தளபதி மத்தேய், ‘வேண்டாம்’ தரப்புதான் வென்றது என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டார். ஆட்சிக்குழுவில் இருந்த ஒருவரே அப்படிச் சொன்ன பிறகு முடிவை மாற்றுவது எளிதில்லை. ஆனால் அரசியல் சாசனம் பினோசே காலத்தது. அதன் தயவில் 1998 மார்ச் வரை அவரே தரைப்படைத் தளபதி. அதற்குப் பிறகு ஆயுட்கால செனட்டர், அதாவது நாடாளுமன்ற மேலவை உறுப்பினர். அரசு தாமிர நிறுவனத்தின் ஏற்றுமதி வருமானத்தில் 10 சதவீதம் நேராக ராணுவத்துக்குப் போனது. தேர்தலில் நிற்காமலே மேலவைக்குள் போகும் நியமன செனட்டர் முறையை ஒழிக்க 2005 ஆனது. தாமிரச் சட்டத்தை ரத்து செய்ய 2019 ஆனது. வீட்டைக் காலி செய்கிறேன் என்று சொல்லிவிட்டு ஓர் அறையைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டு போன கதை.

மியான்மரில், அதாவது முதலில் சொன்ன அந்தப் பர்மாவில், பூட்டு இன்னும் பெரியது. 2008 சாசனப்படி நாடாளுமன்றத்தில் கால்வாசி இடங்கள் ராணுவத்துக்கு. முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வேண்டும். அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அத்தனை பேரும் கை தூக்கினாலும் சீருடைக்காரர் ஒருவராவது சேர்ந்து தூக்க வேண்டும்! பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றுக்கும் அமைச்சர்களாகத் தளபதி சொல்லும் ஆட்கள்தான். நம் ஊர்க் கணக்கில் தாசில்தார் அலுவலகம் போன்ற நிர்வாகமும் 2018 கடைசி வரை அந்த உள்துறைக்குள்தான் இருந்தது. 2015இலும் 2020இலும் ஆங் சான் சூ கி கட்சி வாரிக் குவித்தது. 2021 பிப்ரவரி 1 விடியற்காலையில் அவரைக் கைது செய்தார்கள்.

தென் கொரியாவில் நடந்தது எனக்குப் பிடித்த கதை. 1987 ஜூனில் மக்கள் தெருவில் இறங்கி, தளபதியாக இருந்து அதிபரான சுன் டூ ஹ்வானின் ஆட்சியிடமிருந்து நேரடி அதிபர் தேர்தலை வாங்கினார்கள். டிசம்பரில் எதிர்க்கட்சித் தலைவர்கள் கிம் யங் சாம், கிம் டே ஜங் இருவரும் தனித்தனியாக நின்று வாக்கைப் பிரித்தார்கள். முன்னாள் தளபதி ரோ டே வூ 37 சதவீதம்கூடத் தாண்டாமல் ஜெயித்தார்! 1990இல் கிம் யங் சாம் அந்த ரோவோடே கட்சியை இணைத்தபோது துரோகி என்று திட்டு வாங்கினார். திட்டியதில் நியாயம் இருந்தது. ஆனால் 1993 பிப்ரவரியில் அதிபரானதும் அடுத்த மாதமே தரைப்படைத் தலைவரை நீக்கினார். ஹனாஹோ என்ற, ராணுவ அதிகாரிகளின் ரகசியக் குழுவைப் பதவிகளிலிருந்து களையெடுத்தார். 1996இல் முன்னாள் அதிபர்கள் சுன் டூ ஹ்வானும் ரோவும் கைதிகளாக நீதிமன்றத்தில் நின்றார்கள். மறு வருடமே மன்னித்து வெளியே விட்டதை நான் ஏற்க மாட்டேன். அது வேறு விவாதம்.

அதே தென் கொரியாவில் 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். நாடாளுமன்றத்துக்குள் படை நுழைந்தது. அப்படியும் 190 உறுப்பினர்கள் உள்ளே போய்ச் சேர்ந்து, ஒருவர்கூட எதிர்க்காமல் அதை ரத்து செய்து வாக்களித்தார்கள். படை திரும்பிப் போனது. 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சாசன நீதிமன்றத்தின் 8 நீதிபதிகளும் ஒருமனதாக யூனைப் பதவியிலிருந்து நீக்கினார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.