குடும்ப டாக்டர் ஆராய்ச்சி செய்ய முடியுமா?

ஒரு குடும்ப டாக்டர் கேட்டிருக்கிறார்: "நாள் முழுக்க நோயாளிகளைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது. முனைவர் பட்டம் இல்லை, நிதியும் இல்லை. என்னைப் போன்றவர்கள் ஆராய்ச்சிப் பக்கம் வர வழி உண்டா?" படித்ததிலிருந்து இந்தக் கேள்வி மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

உண்டு. நான் எழுதுவதை வழக்கமாகப் படிப்பவர்களுக்கு அந்த ஆயிரம் பேர் கணக்கு நினைவிருக்கும். திரும்பவும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1961-இல் கெர் வைட் என்ற டாக்டரும் கூட இருந்தவர்களும் எழுதியது. பெரியவர்கள் ஆயிரம் பேரில் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு முடியாமல் போகிறது. 250 பேர் டாக்டரிடம் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் சேர்வது 9 பேர். பல்கலைக்கழக மருத்துவமனை வரைக்கும் போவது ஒரே ஒருவர். அங்கே உட்கார்ந்து ஆராய்ச்சி செய்பவர் கண்ணில் படுவது அந்த ஒருவர்தான். மற்றவர்கள் உங்கள் அறைக்கு வெளியே காத்திருக்கிறார்கள்.

எட்கர் ஹோப்-சிம்ப்சன் இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற ஊரில் குடும்ப டாக்டர். தன்னிடம் அக்கியோடு வந்தவர்களை 1947 முதல் 1962 வரை விடாமல் குறித்து வைத்தார். வயது ஏற ஏற அக்கி கூடுவது தெரிந்தது. சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சில் பல வருஷம் உறங்கிக் கிடந்து, எதிர்ப்பு சக்தி தளரும்போது அக்கியாக எழும்புகிறது என்று 1965-இல் எழுதினார். ஆஸ்பத்திரி வார்டில் இதைப் பார்த்திருக்க முடியுமா? அக்கிக்காக எத்தனை பேர் அட்மிட் ஆகிறார்கள்? அதே ஆயிரம் பேர் கணக்குதான்.

சரி, நடைமுறைக்கு வருவோம். முதலில் வேறு யாராவது நடத்தும் ஆய்வில் சேருங்கள். நோயாளியிடம் எடுத்துச் சொல்லி, ஒப்புதல் வாங்கி, படிவத்தை ஒழுங்காக நிரப்பித் தருவதுதான் வேலை. அதில் கை பழகும். அப்புறம் சொந்தமாக ஒரு சின்னக் கேள்வி. பிரசுரிக்கும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்பே வாங்கிவிடுங்கள். புள்ளியியல் தெரிந்தவரையும் முன்பே பாருங்கள். எல்லாம் சேர்த்த பிறகு போனால், "இதைக் குறிக்கவில்லையே" என்பார்.

'வழி உண்டா' என்பதற்குப் பதில் 'எதை ஆராயலாம்' என்று அந்தக் குடும்ப டாக்டர் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும். இருமலையே எடுத்துக்கொள்ளுங்கள். சளி பிடித்து வரும் இருமல் ஒரு வாரம், மிஞ்சினால் ஒன்பது நாள் இருக்கும் என்று மக்கள் நினைக்கிறார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013-இல் வந்த கணக்கு, சராசரியாக ஏறத்தாழ 18 நாள். ஆக, ஒன்பதாம் நாள் வந்து "இன்னும் நிற்கவில்லையே, ஆன்டிபயாடிக் எழுதுங்கள்" என்பவர் பாதி வழியில் இருக்கிறார். உங்களிடம் வருபவர்களுக்கு எத்தனை நாள்? சர்க்கரை இருப்பவர்களுக்கு? புகை பிடிப்பவர்களுக்கு? இருமல் தொடங்கிய தேதி, கொடுத்த மருந்து, நின்ற தேதி, மூன்று கட்டம் போதும். முதல் இரண்டும் சுலபம். இருமல் நின்றவர் அதைச் சொல்ல உங்களைத் தேடி வரமாட்டார், மூன்றாவது கட்டத்துக்கு நீங்கள்தான் போன் போட வேண்டும்.