பீரோவுக்குப் பின்னால் ஒரு விருந்தாளி

நேயர்களுக்கு வணக்கம். எனக்கு சேலம் அம்மாபேட்டை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறி ஓடும். போன ஐப்பசியில் அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு பூனை வந்து சேர்ந்தது. வளர்க்க அல்ல. ஏற்காட்டில் ஒரு வீட்டார் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வெளியூரிலிருந்து திரும்பும்வரை நான் வைத்திருக்க வேண்டும். ஒரு மாதம்தானே என்று தலையாட்டிவிட்டேன்.

கூடையைத் திறந்ததும் பீரோவுக்குப் பின்னால் போனதுதான், வாலைக்கூடக் காட்டவில்லை. நமக்குத் தெரிந்த உபசாரம் என்ன? கூப்பிடுவது, தூக்குவது, சாப்பிடு சாப்பிடு என்பது. மூன்றையும் செய்தேன். புறங்கையில் நாலு கோடு விழுந்தது. சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஊசிக்குப் போனேன். பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள், வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும்.

பாலும் வைத்தேன். ராத்திரி வந்து குடித்திருக்கிறது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்பதைக் காலையில் தரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கால்நடை மருத்துவர் சிரித்தார். "அதை அதன்போக்கில் விடுங்கம்மா. சாப்பாட்டை மட்டும் கணக்கு வையுங்கள்" என்றார். இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் பட்டினி கிடந்தால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடுமாம். அன்றிலிருந்து உப்பில்லாமல் வேகவைத்த நெத்திலியை எண்ணி வைப்பேன், மிச்சத்தை எண்ணி எடுப்பேன். 10 வைத்தால் 6 மிஞ்சும். சும்மா இருப்பது இத்தனை கஷ்டமா!

5ஆம் நாள் ராத்திரி கரண்ட் போனது. தெருவே அடங்கியது. இருட்டில் நான் அசையாமல் உட்கார்ந்திருக்க, தட்டில் சளக் சளக்கென்று சத்தம். அப்போதுதான் உறைத்தது: அது பயந்தது என்னைப் பார்த்து மட்டுமல்ல, தறியையும் கேட்டு. மறுநாளே மணல் தட்டோடு பின்கட்டு அறைக்கு மாற்றினேன். ஒரு வாரத்தில் என் புடவைத் தலைப்பில் படுத்துத் தூங்கியது.

ஏற்காட்டுக்குக் காரில் போனோம். 20 கொண்டை ஊசி வளைவுகள், எட்டாவதிலேயே வாந்தி. கிளம்புமுன் சில மணி நேரம் தீனி வைக்காமல் இருந்திருக்கலாம். அது படுத்திருந்த பழைய துண்டைத் துவைக்காமல் எடுத்துப் போயிருந்தேன், புது வீட்டில் தன் வாசனை இருக்கட்டும் என்று.

காரை விட்டு இறங்கினால், வாசலில் அந்த வீட்டம்மா ஒரு கிண்ணம் நிறையப் பாலோடு நிற்கிறார்.