சிறிய கேமரா, மூன்று லென்ஸ்: எந்தத் தோள் பை சரியாக இருக்கும்?

நாகர்கோவிலில் இருந்து ஒரு நேயர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கிப் படித்துவிடுகிறேன். "என்னிடம் சோனி ஏ6400 கேமரா, அதோடு வந்த 16-50 கிட் லென்ஸ், சிக்மா 30 மில்லிமீட்டர் லென்ஸ், தொலைவில் இருப்பதைக் கிட்டே காட்டும் சோனி 55-210 லென்ஸ் ஆகியவை இருக்கின்றன. விடியற்காலையில் தோவாளைப் பூச்சந்தைக்கும் மாலையில் முட்டம் கடற்கரைக்கும் பேருந்திலோ வண்டியிலோ போய்ப் படம் எடுப்பேன். முதுகுப் பையைக் கழற்றித் திறப்பதற்குள் காட்சி கலைந்துவிடுகிறது. அதனால் சிறிய தோள் பை ஒன்று வாங்க நினைக்கிறேன். ஆறு லிட்டரா, பத்து லிட்டரா? தோலா, துணியா? வாங்கிய பிறகு கேமராவை அதிலேயே வைத்துவிடலாமா?"

கடைசியில் கேட்டிருக்கிறாரே, அதுதான் மூன்றிலும் முக்கியமான கேள்வி. ஆனாலும் அளவில் இருந்தே தொடங்குகிறேன்.

லிட்டர் கணக்கை மறந்துவிடுங்கள். தண்ணீர்க் குடத்துக்கு அது சரி. கேமரா பைக்கு நீளம், அகலம், உயரம் என்று மூன்று அளவுகள் வேண்டும், அதுவும் பையின் உள்ளளவாக இருக்க வேண்டும். விற்பவர்கள் பெரும்பாலும் வெளியளவைத்தான் பெரிதாகப் போடுவார்கள். இரண்டு பக்கமும் உள்ள ஃபோம் அட்டைக்கே ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் போய்விடும். அதனால் வெளியே முப்பது என்றால் உள்ளே இருபத்தெட்டுதான் மிஞ்சும்.

இப்போது உங்கள் பொருள்களையே அளந்து பார்ப்போம். லென்ஸ் மாட்டாத ஏ6400 கேமராவின், அதாவது பாடியின், அகலம் 12 சென்டிமீட்டர், உயரம் ஏறக்குறைய 6.7, பிடியையும் சேர்த்த தடிமன் 6. சிக்மா 30 லென்ஸின் நீளம் 7.3. நீங்கள் இருக்கும் இடத்தில் அதிகம் மாட்டியிருக்கும் லென்ஸ் அதுவாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். கேமராவை லென்ஸ் மாட்டிய நிலையில், லென்ஸ் கீழே பார்க்க, பிடி மேலே கைக்கு வர வைக்க வேண்டும். லென்ஸைக் கழற்றித் தனியாகவும் பாடியைத் தனியாகவும் வைக்கிற பழக்கம் வீட்டு அலமாரிக்குச் சரி, பூச்சந்தையில் அது உதவாது. அப்படி மாட்டி வைக்கும்போது 6 சென்டிமீட்டரும் 7.3 சென்டிமீட்டரும் சேர்ந்து 13 சொச்சம் உயரம் ஆகிறது. மூடிக்கும் அடியில் உள்ள மெத்தைக்கும் இடம் விட்டால் உள்ளுயரம் 16 இருந்தால் போதும். நடு அறையில் கேமராவுக்கு 12, ஒரு பக்கம் 55-210க்கு 7, மறுபக்கம் கிட் லென்ஸுக்கு 7, இடையில் இரண்டு தடுப்புகளுக்கு 2 என்று கூட்டினால் நீளம் 28 வருகிறது. முன்பின் அகலம் 9 இருந்தால் தாராளம். 55-210 சுருங்கிய நிலையில் 10.8 சென்டிமீட்டர்தான், ஆகவே அது நிமிர்ந்தே நிற்கும். கிட் லென்ஸ் 3 சென்டிமீட்டர் தடிமன்கூட வராத வில்லை. அதை அடியில் வைத்து, மடங்கும் தடுப்பு ஒன்றை அதன் மேல் பாலம்போலச் சாய்த்துவிட்டால், மேல்தட்டில் இரண்டு பேட்டரிகளும் துடைக்கும் துணியும் உட்கார்ந்துவிடும்.

28, 9, 16 ஆகிய மூன்றையும் பெருக்கினால் நான்கு லிட்டர் சொச்சம் வருகிறது. வெளிப் பைகளையும் சேர்த்து ஐந்து, ஆறு லிட்டர் என்று விற்கிற பையே உங்களுக்குப் போதும் என்பதற்குக் கணக்கு இதுதான். பத்து லிட்டர் வாங்கினால் என்ன ஆகும்? மிச்சமிருக்கும் இடத்தில் முதல் வாரம் தண்ணீர் பாட்டில் ஏறும், அடுத்த வாரம் குடை ஏறும், அதற்கடுத்து வீட்டில் ஒருவர் "போகிற வழியில் இதையும் கொடுத்துவிடு" என்று ஒரு டிபன் பாக்ஸைத் திணிப்பார். அந்த டிபன் பாக்ஸ் சாம்பார் சிந்தினால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன்.

அடுத்து எடை. பாடி 403 கிராம், சிக்மா சுமார் 265, 55-210 லென்ஸ் 345, கிட் லென்ஸ் 116 என்று எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவும் 130 கிராமும்தான். இவ்வளவு இலேசான கேமராவைத் தேடி வாங்கிவிட்டு, காலியாக இருக்கும்போதே ஒரு கிலோ எடையுள்ள தோல் பையில் அதைப் போட்டு அலைவது எருமை முதுகில் முயலை ஏற்றிக் கூட்டிப் போவதைப் போன்றது. கடைக்குப் போனால் காலிப் பையைக் கையில் தூக்கிப் பாருங்கள். இணையத்தில் வாங்கினால் எடை போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். 600 கிராமுக்கு மேல் போனால் எனக்கு அந்தப் பை வேண்டாம்.

தோள் பை படம் எடுப்பவர்களிடம் எப்படி வந்தது என்பதையும் இந்த இடத்தில் சொல்லலாம். 1970களில் அமெரிக்காவில் பிலடெல்பியா இன்க்வயரர் நாளிதழில் படக்கலைஞராக இருந்த ஜிம் டோம்கி, அப்போது கிடைத்த விறைப்பான பெட்டிப் பைகள் பிடிக்காமல், உடம்போடு ஒட்டி வளைந்துகொடுக்கும் கான்வாஸ் பை ஒன்றைத் தானே வடிவமைத்தார். இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் நிறுவனமோ முதலில் தூண்டில்காரர்களுக்குத்தான் பை தைத்துக்கொண்டிருந்தது. அவற்றை நியூயார்க்கில் படக்கலைஞர்கள் வாங்கிப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகே கேமராவின் பக்கம் திரும்பியது. மீன் பிடிப்பவருக்கும் படம் பிடிப்பவருக்கும் தேவை ஒன்றுதான்: ஈரத்தைத் தாங்க வேண்டும், ஒரு கையால் திறக்க வேண்டும், உள்ளே கைவிட்டால் வேண்டிய பொருள் கையில் தட்டுப்பட வேண்டும். முட்டத்துக்குப் போகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான வரலாறு கிடைக்காது.

தோலா துணியா என்ற கேள்விக்கு வருகிறேன். தோல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் உண்டு. ஆனியிலும் நனையும், ஐப்பசியிலும் நனையும். நனைந்த தோல் காய நாளாகும், காய்வதற்குள் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். உங்களுக்கு நைலான் அல்லது பாலியெஸ்டர் துணிதான் நல்லது. அதிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. துணியின் உட்புறத்தில் நீர் புகாமல் இருப்பதற்காக பாலியூரித்தேன் பூச்சு பூசியிருப்பார்கள். சில ஆண்டுகள் புழுக்கமான இடத்தில் கிடந்தால் அந்தப் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து, பிசுபிசுவென்று ஒட்டத் தொடங்கும், பிறகு பொடிப்பொடியாக உதிரும், அந்தப் பொடி கேமராவில் லென்ஸ் மாட்டும் வாயான மவுண்டுக்குள்ளும் போகும். பழைய பை ஒன்றை யாராவது உங்களுக்கு மலிவாகக் கொடுத்தால் முதலில் உள்ளே விரலை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். கை ஒட்டினால் பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

டெனியர் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறது என்பதுதான் டெனியர். எண் கூடினால் நூல் தடிமனாகும், பையும் கனக்கும். அதற்கு மேல் அதில் மயங்க ஒன்றும் இல்லை. கடற்கரைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது ஜிப்பை. உலோகப் பல் வைத்த ஜிப் உப்புக்காற்றில் பச்சை பூத்து இறுகிவிடும். பிளாஸ்டிக் பல் அல்லது நைலான் சுருள் ஜிப்பாகப் பார்த்து வாங்குங்கள். முட்டத்திலிருந்து திரும்பியதும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெல்க்ரோ மட்டும் வைத்து மூடுகிற பையை நான் ஒரு காலத்தில் வைத்திருந்தேன். ஒரு கச்சேரியில் பாடகர் ஆலாபனையைத் தாழ இறக்கி, அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், லென்ஸ் மாற்றுவதற்காக நான் மூடியைத் தூக்கினேன். "சர்ர்ர்" என்று ஒரு சத்தம். முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது, பாடகரும் கண்ணைத் திறந்து பார்த்தார். அன்றைக்கே வீட்டுக்கு வந்து வெல்க்ரோவின் சொரசொரப்பான பாதியின் மேல் துணி வைத்துத் தைத்துவிட்டேன். உங்கள் பயன்பாட்டுக்கு மேலே ஒரு ஜிப், அதன் மேல் ஒரு கிளிப் போட்ட மூடி என்று இரண்டும் உள்ள பை நல்லது. பேருந்தில் ஜிப்பையும் போட்டு, பையை முன்பக்கம் வயிற்றோடு அணைத்துக்கொள்ளலாம். சந்தைக்குள் நுழைந்ததும் ஜிப்பைத் திறந்துவிட்டு மூடியை மட்டும் போட்டுக்கொள்ளலாம். பையின் உட்புறம் வெளிர் நிறத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். தோவாளையில் விடியுமுன் குண்டு பல்பு வெளிச்சத்தில், கறுப்புப் பைக்குள் கறுப்பு லென்ஸ் மூடியைத் தேடுவது பெரும்பாடு. அங்கே பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள், தரையும் ஈரமாகத்தான் இருக்கும். ஆகவே அடிப்பக்கத்துக்கு ரப்பர்போன்ற தடித்த பூச்சு இருந்தால் கீழே வைக்கும்போது கவலை இல்லை.

வார் குறைந்தது நான்கு சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதைத் தலைவழியாகக் குறுக்கே போட்டுக்கொள்ளும் அளவுக்கு நீளமும் வேண்டும். வாரும் பையும் சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறிபோலக் குறுக்குத் தையலும் போட்டிருந்தால் நம்பலாம். வண்டியில் போகும்போது முதுகுப்பக்கம் தள்ளிப் போட்ட பை, பிரேக் பிடித்ததும் சுழன்று முன்னால் வந்து ஹேண்டிலில் இடிக்கும். அதனால் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு மெல்லிய துணை வார் உள்ள பையாகப் பாருங்கள். இல்லையென்றால் தையல்காரரிடம் கொடுத்து இரண்டு வளையம் தைத்துக்கொள்ளலாம்.

பணம் போடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டி ஒன்றை 28, 9, 16 என்று வெட்டி ஒட்டி, இந்த எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கி, ஒரு துண்டால் தோளில் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் பத்து நிமிடம் நடந்து, ஒரு கையால் கேமராவை எடுத்து வைத்துப் பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்தப் பத்து நிமிடத்தில் 55-210 உங்களுக்குத் தினமும் வேண்டுமா என்பதுகூடத் தெரிந்துவிடும். வேண்டாம் என்று பட்டால் இன்னும் 8 சென்டிமீட்டர் குறைகிறது. அந்த அளவுக்கு ஃபோம் தடுப்புப் பெட்டி மட்டும் தனியாக வாங்கி, நல்ல தடித்த ஜோல்னா பைக்குள் இறக்கிவிடலாம். கேமரா பை என்றே யாருக்கும் தெரியாது, செலவும் குறைவு. வாய் திறந்தே கிடக்கும், மழைக்கு ஆகாது என்பதுதான் அதில் குறை.

இனி கடைசிக் கேள்வி. கேமராவைப் பையிலேயே வைத்துவிடலாமா? கூடாது. பை தூக்கிப் போவதற்குத்தான். ஃபோமும் துணியும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உள்ளே இருட்டு, காற்றோட்டமும் கிடையாது. பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்? நானே ஒரு பழைய லென்ஸை ஐப்பசியில் பைக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, தை பிறந்த பிறகுதான் எடுத்தேன். வெளியே பார்க்கப் பளிச்சென்று இருந்தது. செல்பேசி டார்ச்சை ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் பார்த்தபோது, கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல்போல ஐந்தாறு கீற்றுகள் ஓடியிருந்தன. பிரித்துத் துடைத்தும் கண்ணாடியின் மேல்பூச்சில் பூஞ்சையின் தடம் போகவில்லை.

ஆகவே வீட்டுக்கு வந்ததும் பையைக் காலி செய்யுங்கள். கேமராவையும் லென்ஸ்களையும் காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து மூடுங்கள். ஆரஞ்சு நிற மணியாக வாங்கினால் ஈரம் ஏறியதும் பச்சையாக மாறி உங்களுக்கே சொல்லிவிடும். அப்போது மணியை மட்டும் ஓவனில் 120 டிகிரி அளவில் சூடாக்கினால் பழைய நிறத்துக்குத் திரும்பும், மறுபடியும் பயன்படுத்தலாம். பையை மூடி திறந்த நிலையில், தடுப்புகளையும் கழற்றி, ஜன்னலோரம் நிழலில் தொங்கவிடுங்கள்.