கோடும் எல்லையும் ஆன ‘வரை’

வணக்கம். ‘வெள்ளிக்கிழமை வரை’ என்று ஒரு கடிதத்தில் எழுதியபோது, நாள்தோறும் பலமுறை சொல்லும் இந்த ‘வரை’ எங்கிருந்து வந்தது என்ற எண்ணம் எழுந்தது. இன்று அந்த ஒரு சொல்லைப் பற்றியே பேசப் போகிறேன்.

இதோ, இந்த வெள்ளைத் தாளின் நடுவே பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறேன். இச்செயலின் பெயர் வரைதல். கோடு விழுந்த நொடியிலேயே தாளுக்கு இப்பக்கம், அப்பக்கம் என இரண்டு உண்டாகிவிட்டதால், வரைந்த கோடே எல்லையாகிறது; அதன் பெயரும் வரை. மலையாளத்தில் ‘வர’ என்றால் கோடு, கன்னடத்தில் ‘பரெ’ என்றால் எழுது. நம்முடைய ‘வா’ கன்னடத்தில் ‘பா’ ஆவதைப் போன்ற மாற்றம்தான் இது; மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை.

எல்லை என்ற பொருளில் இச்சொல் எவ்வளவு ஆழமாக ஊன்றியிருக்கிறது என்பதற்கு 480ஆம் குறளைப் பாருங்கள்: ‘உளவரை தூக்காத ஒப்புர வாண்மை வளவரை வல்லைக் கெடும்.’ தன்னிடம் உள்ளதன் அளவை எடைபோட்டுப் பாராமல் பிறருக்கு உதவிக்கொண்டே இருப்பவனின் செல்வத்தின் அளவு விரைவில் கெடும் என்கிறார் வள்ளுவர். சங்கப் பாடல்களோ ‘வரையா ஈகை’ என்று, எல்லை வகுக்காமல் கொடுப்பதையே அரசனின் புகழாகப் பாடுகின்றன. ஒரே சொல்லை வைத்து ஒருவர் எச்சரிக்கிறார், மற்றவர் போற்றுகிறார். இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அக இலக்கியத்தில் ‘வரைவு’ என்றால் திருமணம். களவு எனப்படும் மறைவான காதலிலேயே காலம் கடத்தும் தலைவனிடம், மணந்துகொள் எனத் தோழி வற்புறுத்துவது ‘வரைவு கடாதல்’. இன்று அதே வரைவு சட்டத்தின் முன்வடிவத்தைக் குறிக்கிறது. ‘வரை’யோடு ‘அறு’ சேர்ந்து வரையறை பிறந்தது: ஒரு சொல்லின் பொருள் இவ்வளவே என எல்லையிட்டு அறுத்துக் காட்டுதல். மலை என்ற பொருளும் இச்சொல்லுக்கு உண்டு. வரையாட்டின் பெயரில் இருப்பது அதுவே.

மீண்டும் என் கடிதத்துக்கு வருகிறேன். ‘பத்து வரை எண்ணு’ என்றால் பத்தையும் சேர்த்தே எண்ணுகிறோம். ‘மழை நிற்கும் வரை காத்திரு’ என்றால் மழை நின்றதும் கிளம்பிவிடுகிறோம். கோடு சில நேரம் உள்ளே சேர்கிறது, சில நேரம் வெளியே நிற்கிறது. அதனால் அந்தக் கடிதத்தில் ‘வெள்ளிக்கிழமை உட்பட’ என்று திருத்தி எழுதினேன்.