பழைய பெட்டியில கிடைச்ச காசு எந்த நாட்டுது?

[திரை: வெள்ளைத் துணியில் பரப்பிய காசுகள்]

வணக்கம். கீழக்கரை, தொண்டி, தேவிபட்டினம்னு நம்ம கரையில பழைய வீட்டுப் பெட்டியைத் திறந்தா, பேர் தெரியாத நாலு காசாவது இருக்கும். கொழும்பு, பினாங்குன்னு சபர், அதாவது பயணம், போனவங்க கொண்டுவந்தது. தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க, களிம்போட எழுத்தும் போயிடும். தண்ணியில அலசி, உலர்த்தி, டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க. தேஞ்ச எழுத்துகூட நிழல் விழுந்து தெரியும்.

[திரை: செம்புக் காசில் சேவல்]

இந்தச் சேவல் காசைப் பாருங்க. ராஜா தலை இல்ல. மேல அரபி எழுத்து. குர்ஆன் ஓதத் தெரிஞ்சவங்க எழுத்துக் கூட்டிடுவாங்க, அர்த்தம் பிடிபடாது. ஏன்னா மொழி மலாய்: 'தானா மெலாயு', மலாய் நாடு. அரபி எழுத்துல தமிழை எழுதுற நம்ம அரபுத்தமிழ்லயும் இதே முறைதானே!

[திரை: மறுபக்கம், எண் மட்டும் பெரிதாக]

பின்னாடி 1247. அரபி எழுத்து வலமிருந்து போனாலும், எண்ணை இடமிருந்துதான் படிக்கணும். நேர்கோடு 1, திருப்பிப் போட்ட 3 மாதிரி இருக்கறது 4, இங்கிலீஷ் 'வி' மாதிரி இருக்கறது 7. வேற காசுல வட்டம் வந்தா அது 5, பூஜ்யம் வெறும் புள்ளிதான். நிறைய பேர் தடுமாறுற இடம் இது.

1247-ங்கறது ஹிஜ்ரி ஆண்டு, அதாவது இஸ்லாமிய நாட்காட்டி வருஷம். அதுல வருஷத்துக்குச் சுமார் 354 நாள்தான். அதனால 0.97-ஆல பெருக்கி 622-ஐக் கூட்டுங்க, ஆங்கில வருஷம் 1831 வந்துடும். சிங்கப்பூர் வியாபாரிங்க மலாய்க் கரையில புழங்க விட்ட காசு இது. எனக்கு ரொம்பப் பிடிச்ச காசும் இதுதான்.

[திரை: டச்சுக் காசு]

பெரிய 'வி', அதோட ரெண்டு கால்லயும் 'ஓ', 'சி' கோத்திருந்தா டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி காசு. வருஷம் கீழேயே இருக்கும். மறுபக்கக் கேடயத்துல சிங்கம் அலையிலிருந்து எழும்புதா? அப்ப நெதர்லாந்தோட ஜீலாந்து மாகாணத்துக் காசு.

சதுரமான செம்புக் காசுன்னா மலாயா சென்ட்டான்னு பாருங்க. விக்டோரியா ராணியும் பனைமரமும் தமிழ் எழுத்தும் சேர்ந்து வந்தா இலங்கை.

[திரை: அழகன்குளம்]

மண்ணுல கிடைச்சா விஷயமே வேற. ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளம் அகழாய்வுல ரோமானியக் காசுகள் கிடைச்சிருக்கு. 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிச்சே ஆகணும். தோண்டுறதை நிறுத்திட்டு, இடத்தையும் ஆழத்தையும் குறிச்சு வைங்க. கூட இருக்கற பானை ஓட்டைக் கிளறாதீங்க. அந்த மண்ணடுக்குதான் காலம் சொல்லும்.