பம்ப்ளிமாஸ் பழத்தின் காம்பு வழியே நியூயார்க்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். யாராவது ஊருக்கு ஊர் தூரம் கேட்டுவிட்டால் இப்போதும் கை துறுதுறுக்கும்.

சீனப் புத்தாண்டு சமயத்தில் சம்பந்தி வீட்டுக்கு வந்திருந்தார். என் மகளும் அவர் மகனும் நியூயார்க்கில் இருக்கிறார்கள். “இங்கே சிங்கப்பூரிலிருந்து எவ்வளவு தூரம் இருக்கும் சம்பந்தி?” என்று கேட்டார். “நேர் வடக்கே போனால் 15,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல்” என்றேன். “வடக்கேயா? படத்தில் பசிபிக்கைத் தாண்டிக் கிழக்கே அல்லவா இருக்கிறது!” என்றார்.

மேசையில் பக்கத்து வீட்டார் கொடுத்த பம்ப்ளிமாஸ் பழம் இருந்தது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டியது. ஆகவே பழத்தின் இடுப்பில் ஒரு பேனாப் புள்ளி வைத்தேன். அதற்கு நேர் மறுபக்கத்தில், இடுப்புக்கும் காம்புக்கும் ஏறக்குறைய நடுவில், நியூயார்க்குக்கு இன்னொரு புள்ளி. பூ கட்டும் நூலை அவர் கையில் கொடுத்து, “இரண்டையும் இணையுங்கள்” என்றேன். இடுப்பைச் சுற்றித்தான் பிடித்தார். “இன்னும் இறுக்குங்கள்” என்றேன். நூல் மெல்ல நழுவி மேலே ஏறி, காம்பை உரசிக்கொண்டு நின்றது. காம்புதான் வட துருவம். பழத்தை வெட்டலாமா என்று என் மனைவி மூன்று முறை கேட்டுவிட்டாள்; சம்பந்தி விடவில்லை.

ஆனால், நேயர்களே, விமானம் பெரும்பாலும் அந்த நூல் வழியே போவதில்லை. தூரம் ஒன்று, நேரம் வேறு. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும்: பின்காற்று இருந்தால் மிதிக்கவே வேண்டாம், எதிர்காற்றில் தொடை கழன்றுவிடும். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஆறு போலக் காற்று ஓடுகிறது. சில நாள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அதில் ஏறிக்கொள்ளத்தான் விமானம் ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைச் சுற்றுகிறது. தூரம் 16,000 கிலோமீட்டரைத் தாண்டும், நேரமோ குறையும். மறுபடியும் சொல்கிறேன், தூரம் ஒன்று, நேரம் வேறு.

அப்படியும் 18 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இடைநில்லாச் சேவை 2004-இல் தொடங்கி, 2013-இல் நின்று, 2018-இல் மீண்டும் வந்தது. அதற்கென்றே வந்த நீள்தூர ஏர்பஸ்ஸின் கொள்ளளவு 1,65,000 லிட்டர் எரிபொருள். பயணிகளுக்கோ 161 இருக்கைகள்தாம். எடையைக் குறைத்தாக வேண்டுமே!

திரும்பி வரும் வழியைத்தான் விரிவாகச் சொல்ல நினைத்தேன். நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாக: சில நாள் விமானம் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக, மறுபடியும் கிழக்கு நோக்கியே வருகிறது. போகவும் கிழக்கு, வரவும் கிழக்கு. உலகத்தையே ஒரு சுற்று. அன்று இதையும் சம்பந்திக்குக் காட்டலாம் என்று திரும்பினால், தட்டில் பழம் சுளை சுளையாக இருந்தது. நன்றி, வணக்கம்.